இரண்டாயிரம் புள்ளிப் படைக்கு ஏன் இவ்வளவு செலவு?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் நால்வர் சேர்ந்து வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டை ஆடத் தொடங்க இருக்கிறார்களாம். ஆளுக்கு இரண்டாயிரம் புள்ளிப் படை என்று கணக்குப் போட்டால் ஓடி முடித்த பைக் ஒன்றின் விலை வருகிறதாம். பிளாஸ்டிக் பொம்மைக்கு ஏன் இந்த விலை, ஏன் ஏறிக்கொண்டே போகிறது, கம்பெனி கொள்ளையடிக்கிறதா, எந்தப் படையை எடுத்தால் நல்லது என்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. எனக்குப் படுவது, தம்பி உண்மையில் கேட்பது ஒன்றைத்தான்: எங்கள் சம்பளத்துக்கு இது கட்டுபடியாகுமா? ஆகும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் ஆகாது.

நான் பகலில் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இறக்குமதிப் பத்திரங்கள் பார்ப்பவன். இரவில் ராயபுரத்தில் வீட்டுக் கூடத்து மேசையில் இதே பிளாஸ்டிக் வீரர்களுக்கு வண்ணம் பூசுகிறவன். ஆகவே சுங்கத்தைப் பற்றிச் சொல்வது என் தொழில், பூச்சையும் ஆட்டத்தையும் பற்றிச் சொல்வது கைப்பழக்கம். கம்பெனியின் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பெரிய மேசை, இஞ்ச் டேப், கைநிறையப் பகடை, கட்டைவிரல் உயரத்து வீரர்கள். ஒவ்வொரு வீரனுக்கும் அவன் பலத்துக்கேற்ற புள்ளி உண்டு. இரு தரப்பும் ஒரே மொத்தப் புள்ளிக்குப் படை திரட்டி மோத வேண்டும். போட்டிகளில் வழக்கமான மொத்தம் 2,000. அதை எட்ட, படையைப் பொறுத்து 400 முதல் 600 பவுண்டு வரை ஆகிவிடும். நமக்கு வந்து சேரும் செலவு தனி.

முதலில் விலையேற்றம். இந்த விளையாட்டின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இரண்டு படைகளும் விதிநூலும் அடங்கிய பெரிய பெட்டி ஒன்றை, இதைத் தயாரிக்கும் இங்கிலாந்துக் கம்பெனியான கேம்ஸ் ஒர்க்ஷாப் வெளியிடும். 2017இல் வந்த டார்க் இம்பீரியம் 95 பவுண்டு, உள்ளே 53 உருவங்கள். 2020இல் இண்டோமிடஸ் 125 பவுண்டு, 61 உருவங்கள். 2023இல் லெவியாதன் 150 பவுண்டு, 72 உருவங்கள். பெட்டி விலை ஆறே ஆண்டில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது என்று வயிறு எரிகிறது. தலைக்கு வகுத்துப் பாருங்கள்: ஓர் உருவம் 1.79 பவுண்டு, பிறகு 2.05, பிறகு 2.08. கடைசி மூன்றாண்டில் ஏறக்குறைய அசையவே இல்லை. பிரிட்டனில் ஆண்டுப் பணவீக்கம் 11 விழுக்காட்டைத் தொட்ட 2022ஆம் ஆண்டும் அதற்குள்தான் வருகிறது. இதையே ரூபாயில் போடுங்கள். 2017 நடுவில் பவுண்டு எண்பது ரூபாயைச் சற்றே தாண்டியிருந்தது. 2023 நடுவில் நூறைத் தாண்டிவிட்டது. 2017இல் தலைக்கு 145 ரூபாய் போல வந்தது 2023இல் 215 ரூபாய்க்கு வந்துவிட்டது. லண்டனில் இருப்பவனுக்கு ஆறில் ஒரு பங்கு ஏற்றம், தண்டையார்பேட்டையில் இருப்பவனுக்குப் பாதி அளவு ஏற்றம். நம் எரிச்சலில் பெரும்பகுதி கம்பெனியின் நாட்டிங்காம் தொழிற்சாலையில் பிறந்ததல்ல, பணமாற்று விகிதத்தில் பிறந்தது.

இதில் ஒரு சூது இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடக்கப் பெட்டிகள் தூண்டிலில் கோத்த புழு. அவற்றில்தான் தலைக்கு விலை மலிவு. அதற்குப் பிறகு ஒரே ஒரு தளபதியைத் தனிப்பெட்டியில் வாங்கப் போனால் 20 பவுண்டுக்கு மேல் கேட்பார்கள். ஒற்றை ஆள்! அவனுக்கும் கையையும் காலையும் நாம்தான் ஒட்ட வேண்டும்.

ஆனால் செலவைப் பெருக்கிய உண்மையான காரணம் விலைப்பட்டியலில் இல்லை, புள்ளிப் பட்டியலில் இருக்கிறது. 1993இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பேஸ் மரீன் என்னும் சாதாரணக் கவச வீரன் ஒருவனுக்கு 30 புள்ளி. 1998இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அவனே 15 புள்ளி. ஒரே இரவில் அதே புள்ளிக்கு இரண்டு மடங்கு ஆள் தேவைப்பட்டது. விலை ஒரு காசு ஏறாமலேயே படையின் செலவு இரட்டித்துவிட்டது. பத்தாம் பதிப்பிலும் அதே தரத்து வீரன் ஏறத்தாழ அங்கேதான் நின்றான், ஐந்து பேர் சேர்ந்து 80 புள்ளி. அதாவது, “படை” என்று இன்று நாம் சொல்வது 1993இல் இருந்தவர்களின் படையைப் போல இரண்டு பங்கு. பெரிய போர் பார்க்க அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்குப் பணம் கட்டுபவர் நாம்.

அடுத்தது பதிப்பு மாற்றம். எட்டாவது 2017, ஒன்பதாவது 2020, பத்தாவது 2023. மூன்றாண்டுக்கு ஒருமுறை விதி மாறும், படைக்கான கோடெக்ஸ் நூல் மாறும், நேற்று வலுவாக இருந்த அணி இன்று பல்லில்லாமல் நிற்கும். 2017இல் பழைய மரீன்களைவிட உயரமான புதிய மரீன்கள் வந்தார்கள். பழையவர்களைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தவர்கள் மறுபடி கடைக்குப் போனார்கள். இதைவிடக் கொடுமை 2015இல் நடந்தது. 1983 முதல் ஓடிக்கொண்டிருந்த மந்திரவாதிகளும் குள்ளர்களும் அடங்கிய வார்ஹாமரை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய உலகம் 2024இல்தான் திரும்பி வந்தது. இடையில் மனம் வெறுத்துப் படையை விற்றவர்கள் உண்டு. ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: இப்போது அடிப்படை விதிகளை இலவசமாகத் தருகிறார்கள். பத்தாம் பதிப்பு வந்தபோது எல்லாப் படைகளுக்குமான தொடக்க விதிகளையும் இலவசமாகவே வெளியிட்டார்கள். பதிப்பு மாறிவிட்டதே என்று பதறி அன்றே நூல் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கொள்ளையடிக்கிறார்களா என்றால், எண்களைச் சொல்கிறேன், பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 2023-24 கணக்காண்டில் அந்தக் கம்பெனியின் வருவாய் ஏறத்தாழ 525 மில்லியன் பவுண்டு, வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ 203 மில்லியன். நூறு பவுண்டு உள்ளே வந்தால் அதில் 38, 39 லாபம். பொம்மை விற்று 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டார்கள். உருவங்களின் துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டகம் வெறும் பாலிஸ்டைரீன், மலிவான சரக்குதான். ஆனால் அந்தச் சட்டகத்தை வார்க்கும் எஃகு அச்சு மலிவல்ல, சிற்பியின் சம்பளம் மலிவல்ல, எல்லாவற்றையும் இங்கிலாந்திலேயே வார்ப்பதும் மலிவல்ல. இவ்வளவையும் கழித்த பிறகு நிற்பதுதான் அந்த 39. என் அபிப்பிராயம், விலை குறையப் போவதில்லை. வாங்குபவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்குகிறார்கள். அப்படியிருக்கும்போது எந்த வியாபாரி குறைப்பான்?

இனி என் தொழிலுக்கு வருகிறேன், இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2018 பட்ஜெட்டுக்கு முன் 10 விழுக்காடு. அந்த ஆண்டு 20 ஆனது. 2020இல் 60. 2023இல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதும் தரமற்ற மலிவுச் சரக்கைத் தடுப்பதும் நோக்கம். பெரம்பூர் பக்கம் யாரும் ஸ்பேஸ் மரீன் வார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது வரி அட்டவணைக்குத் தெரியாது. நூறு ரூபாய்ச் சரக்கு வரியோடு 170 ஆகிறது, ஜிஎஸ்டி அந்த 170 மேல் விழுகிறது, அதன் பிறகுதான் கடைக்காரர் தன் லாபத்தைச் சேர்க்கிறார். இங்கிலாந்து விலையை நேராக ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு உள்ளூர்க் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்தப் பெட்டி பொம்மைதானா என்பதே வழக்குக்குரிய கேள்வி. திறந்தால் சாம்பல் நிறச் சட்டகங்கள். கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், துப்பாக்கி இன்னொரு பக்கம், வெட்டி எடுக்கக் கத்தி வேண்டும், ஒட்டப் பசை வேண்டும். சுங்க அட்டவணையில் 9503 என்ற தலைப்பில் பொம்மைகளும் அளவு குறைத்த மாதிரி உருக்களும் ஒன்றாகவே வருகின்றன. 9504 என்ற அடுத்த தலைப்பில் மேசை விளையாட்டுகள் வருகின்றன, அங்கே வரி பல மடங்கு குறைவு. விதிநூலும் பகடையும் சேர்ந்த பெட்டியை 9504 என்று வாதாடலாம், தனி வீரர்கள் பெட்டியை வாதாடுவது கடினம். இறுதி முடிவு மதிப்பீட்டு அதிகாரியின் கையில், எனவே இதில் யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். வியாபாரத்துக்கு இறக்குமதி செய்பவருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெரியவர்களுக்கான பொழுதுபோக்கு என்று காட்ட வேண்டிய பொறுப்பு இறக்குமதியாளருடையது. சிறிய கடைக்காரர்கள் குறைவான சரக்கை வைத்து அதிக விலை சொல்வதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம்.

நாமே கூரியரில் வரவழைத்தால்? சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சல்கள் வேறொரு தலைப்பின் கீழ் வேறு விகிதத்தில் வரி கட்டும். அந்த விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், ஆர்டர் போடும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். கூரியர் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும். “அன்பளிப்பு என்று எழுதி அனுப்பச் சொல்கிறேன்” என்று கிளம்பாதீர்கள். ஐயாயிரம் ரூபாய் வரையிலான அன்பளிப்புச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் நேர்வழி பயணச்சுமை. 2016ஆம் ஆண்டு விதிகள் வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணிக்கு 50,000 ரூபாய் வரை வரியில்லாமல் அனுமதித்தன. இதிலும் தற்போதைய வரம்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் கப்பலில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத தெரு கிடையாது. ஆனால் அதே விதிகளில் கப்பல் ஊழியருக்கு நடுவழியில் இறங்கும்போது கிடைத்தது வெறும் 1,500 ரூபாய்ச் சலுகை. ஒப்பந்தம் முடிந்து கணக்குத் தீர்த்து இறங்கும்போதுதான் பயணிக்குரிய முழுச் சலுகை. மாமாவிடம் பட்டியல் கொடுப்பதற்கு முன் அவர் எப்போது இறங்குகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

சரி, விலை நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது இரண்டு: படை எவ்வளவு பெரியது, அது யாருடையது. வியாசர்பாடியிலும் புதுவண்ணாரப்பேட்டையிலும் கேரம் மன்றங்களைப் பார்த்திருப்பீர்கள். போர்டு மன்றத்துடையது, காய்கள் மன்றத்துடையது, ஆடுபவர் தன் ஸ்டிரைக்கரோடு வந்தால் போதும். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா அப்படிப்பட்ட தெருக்களிலிருந்து வந்தவர்தான். நீங்கள் நால்வரும் நான்கு படை வாங்காதீர்கள். தொடக்கப் பெட்டி ஒன்றை நால்வரும் காசு போட்டு வாங்குங்கள், அதில் இரண்டு படை இருக்கிறது. இருவர் ஆடும்போது இருவர் பார்த்துக் கற்கலாம், வண்ணம் பூசும் வேலையும் நான்காகப் பிரியும். சிறிய பெட்டி ஒன்றை அப்படியே எடுத்து ஆடும் காம்பேட் பேட்ரோல் என்ற முறைக்குக் கம்பெனியே இலவச விதி கொடுத்திருக்கிறது. கில் டீம் என்பது இன்னும் சிறியது, பத்துப் பேர் அளவில் முடிந்துவிடும். ஓர் ஆண்டு இப்படி ஆடிய பிறகும் 2,000 புள்ளி வேண்டும் என்று தோன்றினால் அப்போது பார்க்கலாம். பாதிப் பேருக்குத் தோன்றாது.

பழைய படை விலைக்கு வந்தால் தயங்காமல் வாங்குங்கள். முந்தைய ஆள் அப்பி வைத்த பெயின்ட்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஒரு மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, பிளாஸ்டிக் வீரர்களை ஓர் இரவு ஊறப்போடுங்கள். காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் பூச்சு தோல் போல உரிந்து வரும். இங்கே ஒரு நுணுக்கம்: எடுத்தவுடன் குழாயடியில் பிடித்துவிடாதீர்கள். தண்ணீர் பட்டதும் கரைந்த பெயின்ட் பிசின் மாதிரி ஆகி இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். முதலில் புதிய டெட்டாலில் அலசி, அழுக்கு போன பிறகுதான் சோப்புத் தண்ணீர். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் பக்கத்திலேயே வரக்கூடாது, பாலிஸ்டைரீன் முகமே உருகிவிடும். மேல்பூச்சுக்கு முன் அடிக்கும் பிரைமர் ஸ்பிரேயைக் கடற்கரை ஓரத்தில் அதிகாலையில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பூச்சு மாவு தூவியது போல வெளுத்துச் சொரசொரப்பாகும். வெயில் ஏறி, தரை காய்ந்த பிறகு மொட்டைமாடிக்குப் போங்கள். எதிரிப் படைக்கு நடுவே வைக்கும் கட்டடங்களுக்குக் காசு செலவழிப்பது பாவம். டிவி பெட்டித் தெர்மகோலும் ஸ்ட்ராவும் போதும், மணலி சுத்திகரிப்பு ஆலையே மேசையில் எழும்பிவிடும்.

முப்பரிமாண அச்சைப் பற்றி யாராவது கேட்பார்கள். ரெசின் என்ற திரவப் பிளாஸ்டிக்கை இறுக்கி அச்சிடும் இயந்திரம் வைத்திருப்பவருக்கு ஓர் உருவத்துக்கான பொருட்செலவு சில பத்து ரூபாய்களில் முடியும். தனிச் சிற்பிகள் தங்கள் சொந்த வடிவங்களைக் கோப்புகளாக விற்கிறார்கள், அவற்றை வாங்கி அச்சிடுவதில் தவறில்லை. கம்பெனியின் உருவத்தையே நகலெடுப்பது வேறு, அது அவர்களின் படைப்புரிமையில் கைவைப்பது. கம்பெனியின் சொந்தக் கடைகளிலும் போட்டிகளிலும் அச்சிட்ட உருவங்களை ஏற்பதில்லை, வீட்டு மேசைக்கு அந்தத் தடை இல்லை. என் தயக்கம் வேறு இடத்தில். இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், கழுவும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில், குழந்தைகள் இருக்கும் வீட்டில், இது வேண்டாம் என்றே சொல்வேன். தனி அறையும் காற்றோட்டமும் இருந்தால் அது உங்கள் விருப்பம்.

இந்த ஒரு கம்பெனியை விட்டு வெளியே வந்தால் உலகம் பெரியது. அதே நாட்டிங்காம் பக்கத்தைச் சேர்ந்த பெர்ரி சகோதரர்களின் வரலாற்றுக் காலாட்படைப் பெட்டிகளில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், விலை வார்ஹாமரில் ஒரு தளபதிக்குக் கொடுக்கும் பணத்தைச் சுற்றித்தான் வரும். நெப்போலியன் காலத்துச் சிப்பாய்க்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிய சீருடை வராது என்பதே பெரிய சேமிப்பு. நம் ஊருக்கே ஒரு போர் இருக்கிறது: 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கருப்பர் நகரத்துக்குள், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்தார். கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் வெளியே பாய்ந்து தெருக்களில் மோதினார்கள். முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது கான்சாகிப் யூசுப் கான் வெளியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் தானிய வழிகளை அலைக்கழித்தார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் லாலி திரும்பினார். நான் அலுவலகத்துக்கு நடந்து போகும் தெருக்கள் அவை. ஆறு மில்லிமீட்டர் உயர உருவங்களில் அந்த முற்றுகையை ஒரு சாப்பாட்டு மேசையில் ஆடிவிடலாம், காகிதத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டினாலும் பகடை வித்தியாசம் பார்க்காது.

வார்ஹாமர்தான் வேண்டும், எந்தப் படை என்று சொல்லுங்கள் என்றால்: ஆள் குறைவான படையை எடுங்கள். கஸ்டோடிஸ் படையில் ஒவ்வொருவனும் கனமான புள்ளி, முப்பது பேருக்குள் 2,000 எட்டிவிடும், வண்ணமும் தங்க நிறம் ஒன்றே பெரும்பகுதி. ஆர்க்குகள், டிரானிட்கள், ஆஸ்ட்ரா மிலிடாரம் மூன்றும் கூட்டம் கூட்டமாக வருபவர்கள், பர்சும் தூக்கமும் இரண்டும் போகும். ஆயுதம் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள உருவங்களில் கையை ஒட்டிவிடாமல் சிறு காந்தம் வைத்துவிடுங்கள், புள்ளிகள் மாறும்போது துப்பாக்கியை மட்டும் மாற்றினால் போதும். பெட்டி வாங்கும் முன் நால்வரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: யாராவது வேலைக்காக வெளியூர் போனால் அவர் போட்ட பங்கைப் பணமாகத் திருப்புவது, உருவங்களைப் பிரிப்பதில்லை.